எலுவா கொனேனின் இறங்கும் உரிமை

ஓர்வான் ஊர் ஒயினைக் குடித்தவர்கள் தரையை விட்டு மேலே போகத் தொடங்கியது 2004ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வாக்கில். ஒரு சின்ன டம்ளர் குடித்தவர் ஒரு சாண் உயர்ந்தார். மூன்று டம்ளர் குடித்தவர் மேசை உயரத்துக்குப் போனார். ஒரு பாட்டிலை முழுதாக முடித்தவர் வீட்டுக்குள் இருந்தால் உத்திரத்திலும், வெளியில் இருந்தால் கூரை விளிம்பிலும் போய் நின்றார். போதை இறங்க இறங்க ஆளும் இறங்கினார். யாருக்கும் அடிபடவில்லை. அதே வாரம் உருளைக்கிழங்கு கிலோவுக்கு இருபது சென்டிம் ஏறியது. ஊரில் அதிகம் பேசப்பட்டது அதுதான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊருக்கு ஓர்வான் என்று பெயர் வைத்து எண்ணூறு வருஷம் ஆகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்ஸில், அதே பெயரில் ஒரு சீமையே இருக்கிறது. அவர்கள் ஒயினும் ஓர்வான், எங்கள் ஒயினும் ஓர்வான். அவர்களுடையது சிவப்பு, அரண்மனைப் படம் போட்டது, ஒரு பாட்டில் விலையில் எங்கள் ஊரில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம். எங்களுடையது வெள்ளை, ஏரிக்கரைச் சரிவில் விளைவது, ஞாயிற்றுக்கிழமை பன்றித் தொத்திறைச்சியும் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸும் சாப்பிடும்போது தொண்டையை நனைக்க ஆகும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவன் இந்த உலகத்தில் ஒருத்தன்கூடக் கிடையாது. கண் தெரியாதவனுக்கும் நாக்கு இருக்கிறதே. ஆனாலும் அவர்கள் வழக்குப் போட்டார்கள், ஐரோப்பா பூராவும் சேர்ந்து பேசினார்கள், கடைசியில் எங்கள் அரசாங்கம் அவர்களோடு ஏழு ஒப்பந்தங்களை ஒரே கட்டாகக் கட்டிக் கையெழுத்துப் போட்டது. மாடு, பாலாடைக்கட்டி, லாரி, வேலைக்கு வரும் ஆட்கள், ஆராய்ச்சி, விமானம் என்று போன அந்தக் கட்டில், எங்கோ ஒரு பின்னிணைப்பில், எங்கள் ஒயினின் பெயரும் போய்விட்டது. எங்கள் நாட்டு விமானங்கள் ஐரோப்பிய நகரங்களில் தாராளமாக இறங்கலாம். அதற்குப் பதிலாக ஓர்வான் ஒயின் இனிமேல் ஓர்வான் ஒயின் இல்லை. கூத்து என்னவென்றால், பெயர் போவதற்குக் கொடுத்த கெடு முடிவதற்குள்ளேயே அந்த விமானங்களை ஓட்டிய கம்பெனியே திவாலாகிவிட்டது. இறங்க உரிமை இருந்தது, இறங்க விமானம் இல்லை. பெயர் மட்டும் போனது போனதுதான்.

தலைநகர் பெர்னிலிருந்து கடிதம் வந்ததும் ஊர்த்தலைவர் ஜக்கியே சபையைக் கூட்டினார். ஒயினைக் கொண்டிருக்கும் கலன் எதிலும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று கடிதத்தில் இருந்தது. வேறு ஊராக இருந்தால் லேபிளை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படிச் செய்வார்களா? பாட்டில் ஒரு கலன், சரி. பீப்பாய் கலன் இல்லையா என்று ஒருத்தர் எழுந்து கேட்டார். பீப்பாய்களில் தாத்தன் காலத்தில் சூட்டுக்கோலால் பொறித்த பெயரை இழைப்புளி போட்டு இழைத்தோம். பீப்பாயைக் கொண்டிருக்கும் நிலவறை கலன் இல்லையா என்று இன்னொருவர் கேட்டார். நிலவறை வாசல் கல்லைக் கொத்தினோம். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து என்பார்களே, அப்படி ஒவ்வொன்றாகப் போய், திராட்சைத் தோட்டத்தின் மேட்டில் நட்டிருந்த பெயர்க்கல்லையும் பிடுங்கி ஏரியில் போட்டோம். ஊரின் பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவைத்தோம். அது ஊருக்குச் சொந்தம், ஒயினுக்கு இல்லை. ஆனாலும் அறுவடை நாளில் திராட்சை ஏற்றிய டிராக்டர் அதைத் தாண்டும்போது அதன்மேல் ஒரு கித்தான் போர்த்துவது என்று தீர்மானம் போட்டோம். எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. மே முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பார்த்தால் அந்த ஒயின் எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரு எழுத்து பாக்கி இல்லை. ஒயின் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மண் இல்லை என்று சொன்னார்கள், சரி என்று மேலே போய்விட்டது. குடித்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனது.

முதலில் போனவன் எலுவா கொனேன். வயது அறுபத்தொன்று, ஊரின் நிலவறைக்காரன். நாற்பது அறுவடையின் ஒயின் அவன் உடம்பில் ஓடியது. தினமும் காலை பத்து மணிக்கு மூன்றாம் பீப்பாயின் குழாயைத் திறந்து முதல் டம்ளரைக் குடிப்பான். முந்தின சாயங்காலம் அந்தப் பீப்பாயின் பெயரை இழைத்தவனும் அவனேதான். இழைக்கும்போது யாரிடமும் பேசவில்லை என்று கூட நின்றவர்கள் சொன்னார்கள். அன்று டம்ளரை வைத்தான், வாயைத் துடைத்தான், நிலவறையின் வளைந்த கூரையில் தலை முட்டி நின்றான். அவன் மனைவி மார்லீஸ் கணக்குப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு அவனோடு திராட்சையில் இறங்கியவள், கண்ணாடி போட்டுக்கொண்டு எதையும் இரண்டு தடவை படிப்பவள். படியிறங்கி வந்து மேலே பார்த்தாள்.

“அங்க என்னய்யா பண்ற?”

“நானா பண்றேன்? அதுவா தூக்குது.”

“எவ்வளவு குடிச்ச?”

“ஒரே ஒரு டம்ளர், சத்தியமா.”

“ஒரு டம்ளருக்கு ஒரு சாண்தான்னு பக்கத்து நிலவறையில சொல்றாங்க. நீ எட்டு முழம் போயிருக்க.”

“நாப்பது வருஷம் குடிச்சதையும் சேத்துக் கணக்குப் போடு, தாயே.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மற்றவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குள் தரைக்கு வந்துவிட்டார்கள். எலுவா வரவில்லை. அவன் ரத்தத்தில் அந்த ஒயின் இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. களைக்கொத்தியால் சட்டையைப் பிடித்து இழுத்து, இடுப்பில் கயிறு கட்டி, வெளியே கொண்டுவந்து, சமையலறை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி மார்லீஸ் அவனுக்குச் சூப் கொடுத்தாள். அப்படியே நான்கு மாதம் போனது. ஊரும் பழகிக்கொண்டது. சத்திரத்தில் மேசைக்கு அடியில் பாதத்தை மாட்டிக்கொள்ளத் தோல் வார் அடித்தார்கள். ஜெனீவாவில் ஒரு பெரிய ஹோட்டல் மட்டும், விருந்தாளிகள் சரவிளக்கில் போய் இடிக்கிறார்கள் என்று எங்கள் சரக்கைத் திருப்பி அனுப்பியது. லேபிளில் பெயர் இல்லாத ஒயினை அதற்குமுன்பே யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பதால் அதுவும் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

நாற்பது நாள் குடிக்காமல் இருந்தால் எலுவா தானாக இறங்கிவிடுவான் என்று டாக்டர் சொன்னார். அவன் மாட்டேன் என்றான். “என் ஒயினுக்கு மண்ணு இல்லையாம். அப்ப எனக்கும் வேணாம். இந்த ஒயின் இந்த மண்ணுலதான் வெளஞ்சுதுன்னு பெர்ன்லேருந்து ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லு, அந்த நிமிஷமே குடிய நிறுத்தறேன்” என்றான். அந்த ஒரு வரியை எழுதினால் அதுவே ஒயினோடு அந்தப் பெயரைப் பயன்படுத்தியதாகும். அதனால் எழுத முடியாது என்று பெர்னிலிருந்து பதில் வந்தது. பீப்பாயில் மறுபடி பெயரைப் பொறிக்கலாமா என்று மார்லீஸ் எழுதிக் கேட்டாள். அதற்கும் பதில் வந்தது: கடிதம் சொன்னது லேபிளைத்தான், பீப்பாயை யாரும் இழைக்கச் சொல்லவில்லை, ஆனால் எடுத்தபின் மறுபடி போட்டால் அது புதிய பயன்பாடு, புதிய பயன்பாட்டுக்குத் தடை இருக்கிறது. மார்லீஸ் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு கொல்லைக்குப் போய் பேரிக்காய் மரத்தை ஒரு உதை உதைத்தாள். புருஷனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் வேறு என்ன செய்வாள்.

அவள் செய்த பெரிய தப்பு இனிமேல்தான் வருகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அக்டோபரில், இப்படித் தினமும் வீட்டுக்காரனைக் கயிறு கட்டிக் கீழே இறக்குகிறோமே, இதற்கு ஏதாவது அனுமதி வேண்டியிருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. நான்கு மாதமாக யாரும் கேட்கவில்லை. கேட்காமலே விட்டிருந்தால் நாற்பது வருஷம் ஆனாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு ஓர்வான்காரி கேட்காமல் இருப்பாளா? சுத்தமான தாளில், தேதி போட்டு, பதில் உறை வைத்து, பெர்னுக்கு எழுதிக் கேட்டாள்.

மூன்று வாரத்தில் பெர்னின் விமானத் துறையிலிருந்து லூதி என்ற அலுவலர் வந்தார். ஜெர்மன் பேசும் பகுதிக்காரர், ஒல்லி, சுத்தமாகத் துடைத்த ஷூ. மரியாதைக்குக் குறைவில்லை. கயிற்றை அளந்தார், எலுவாவை அண்ணாந்து பார்த்து வணக்கம் சொன்னார், சமையலறையில் உட்கார்ந்து கோப்பு அட்டையைத் திறந்தார்.

“மேடம், மூணு மீட்டருக்குக் கீழ போறதை நாங்க பறக்கறதா எடுத்துக்கறதில்ல. குதிக்கறதுன்னு எழுதிக்குவோம். ஊர்ல மத்தவங்க எல்லாம் குதிக்கறாங்க. உங்க வீட்டுக்காரர் பறக்கறார்.”

“பறக்கட்டும். இறக்கிக்கறேன்.”

“அதான் கஷ்டம். விமானத் தளத்துக்கு வெளிய அனுமதி இல்லாம இறங்கக் கூடாது.”

“இது எங்க வீட்டுக் கொல்லைங்க.”

“கொல்லைன்னா விமானத் தளம் இல்லதானே?”

“பரண் ஜன்னல் வழியா உள்ள வந்துட்டார்னா?”

லூதி தாள்களைப் புரட்டினார். “அதுவும் இறங்கறதுதான், மேடம். எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. நீங்க கேக்காம இருந்திருக்கலாம்.”

மேலேயிருந்து எலுவா சிரித்தான். மார்லீஸுக்கு வந்த கோபத்தில் அவளே ஒரு சாண் உயர்ந்திருப்பாள். அன்றிலிருந்து அவள் ஒரு சொட்டு ஒயினைத் தொடவில்லை. வீம்பு ஒன்றும் இல்லை. யாராவது ஒருத்தர் தரையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே.

இறங்க வழியில்லாமல் அந்தக் குளிர்காலம் முழுக்க எலுவா கூரைமேல் புகைபோக்கியை அணைத்துக்கொண்டு தூங்கினான். அவனுக்காக மார்லீஸ் அடுப்பை அணையவிடவே இல்லை. ஏப்ரலில் வெயில் வந்த பிறகும் விறகு போட்டாள். சாப்பாடு கூடையில் மேலே போனது, ஒயினும் அப்படியே. முதல் ஆண்டு தீயணைப்புப் படையின் ஏணியைக் கடன் வாங்கி அதில் ஏறிப்போய் அவனோடு பேசினாள், முகம் மழித்துவிட்டாள். ஏணியில் ஏறிப் பேச அனுமதி வேண்டுமா என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. ஆனால் அறுவடைக்கு அறுவடை அவன் உயர்ந்துகொண்டே போனான். இரண்டாம் ஆண்டு ஏணி எட்டவில்லை. அதன்பிறகு கத்தித்தான் பேசவேண்டும், கத்திப் பேசுவதை ஊர் முழுக்கக் கேட்கும். புருஷன் பெண்டாட்டி பேசுவதில் பாதி ஊருக்குக் கேட்கக் கூடாதது. அதனால் பேச்சு மெல்ல மெல்லச் சாப்பாட்டுக்கு உப்புப் போதுமா என்ற அளவில் நின்றது. கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தி மார்லீஸ் அழுததும் உண்டு. எதிர்வீட்டிலிருந்து நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எலுவாவால் ஊருக்கு நன்மையும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். மலைக்குப் பின்னால் ஆலங்கட்டி மேகம் கூடுவதை ஒரு மணி நேரம் முன்னாலேயே பார்த்துச் சொன்னான். திராட்சை பழுக்கும் மாதத்தில் மைனாக் கூட்டம் அவன் இருக்கும் பக்கம் வருவதே இல்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பட்டாசு வெடித்துப் பறவை விரட்டியபோது நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அவன் மட்டும் மேலே ஒரு கரும்புள்ளியாக ஆடிக்கொண்டு இருந்தான்.

மார்லீஸ் ஏழு ஒப்பந்தங்களையும் வரவழைத்துப் படிக்க ஆரம்பித்தது மூன்றாம் ஆண்டு. பின்னிணைப்புகளோடு சேர்த்து அது ஒரு கோதுமை மூட்டை கனம். ஒரு குளிர்காலம் பூராவும் ஆயிற்று. படித்து முடித்து ஒரு நாள் காலை நேராக ஊர்த்தலைவர் ஜக்கியே வீட்டுக்குப் போனாள். அவர் அப்போதுதான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“தலைவரே, நம்ம பேரை எதுக்குக் குடுத்தாங்க?”

“அதான் தெரியுமே. விமானம் இறங்கறதுக்கு.”

“எந்த விமானம்?”

“அது திவாலாயிடுச்சு.”

“அப்ப அந்த இறங்கற உரிமை எங்க?”

ஜக்கியே ரொட்டியைக் கீழே வைத்தார். “எங்கயாவது சும்மா கெடக்கும்.”

“சும்மா கெடக்குதுல்ல. அது நம்ம பேரைப் போட்டு வாங்கினது. பத்து வேண்டாம், நூறு வேண்டாம். ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க. என் வீட்டுக்காரன் இறங்கட்டும்.”

“அடி ஆத்தாடி,” என்றார் ஜக்கியே. 

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு வைத்தோம். எதிர்த்து இரண்டு ஓட்டு. ஒருவர் எல்லாவற்றையும் எதிர்ப்பவர், இன்னொருவர் எலுவா, தபால் ஓட்டாகக் கூடையில் இறக்கி அனுப்பியிருந்தான். தனக்கு உரிமை வேண்டாம், ஒரு வரி போதும் என்று சீட்டிலேயே எழுதியிருந்ததால் அது செல்லாத ஓட்டாகிவிட்டது. தீர்மானம் பெர்னுக்குப் போனது. பெர்ன் ஐரோப்பியத் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸைக் கேட்டது, பிரஸ்ஸல்ஸ் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஓர்வான்காரர்களைக் கேட்டது. அவர்கள், அந்த ஆள் கையில் பாட்டிலோடு பறக்கிறாரா, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். ஒன்றும் எழுதவில்லை என்று படம் எடுத்து அனுப்பினோம். அவ்வளவுதானே, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்கள்.

உரிமை வருவதற்குமுன் எலுவாவைப் பதிவு செய்யவேண்டும் என்றார்கள். பதிவெண்ணை மார்லீஸ் அவன் நீலச் சட்டையின் முதுகில் வெள்ளை நூலால் தைத்தாள். சத்தச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். லூதி ஒரு கருவியைக் கொண்டுவந்து, மத்தியானத் தூக்கத்தில் அவன் குறட்டையை அளந்து, வெங்காயம் வதக்கும் அளவுதான் என்று எழுதிக்கொண்டு போனார். காப்பீட்டுக்காரர் வந்தார், காற்றழுத்த நிபுணர் வந்தார், எரிபொருள் என்ன என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. அதில் வெள்ளை ஒயின் என்று எழுதி, எந்த ஊர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். அந்தக் காலிக் கட்டத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தபோது பேரிக்காய் மரத்துக்கு இன்னொரு உதை விழுந்தது. அந்த மரம் அந்த வருஷம் காய்க்கவில்லை.

2008 மார்ச்சில் உரிமை வந்தது. எலுவா கொனேன் தினம் ஒரு தடவை, காலை 11.40 முதல் 12 மணி வரை, தன் வீட்டுக் கொல்லையில் தரையில் இருக்கலாம். இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் அதற்குள் அடக்கம். பத்து நாளில் எட்டு நாளாவது பயன்படுத்தவேண்டும், இல்லாவிட்டால் உரிமை பறிபோகும். பழைய திராட்சை ஆலையின் சுழற்சக்கரத்தில் கயிற்றை மாட்டி மார்லீஸ் சுற்றினாள். அவசரமாகச் சுற்றினால் அவனுக்குக் காது அடைத்து ரத்தம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இறக்க ஆறு நிமிஷம், ஏற்ற ஆறு நிமிஷம். மிச்சம் எட்டு நிமிஷம்.

முதல் நாள் ஊரே வேலியோரம் நின்றது. எலுவா இறங்கினான். நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டினாள். லீக்ஸும் தொத்திறைச்சியும் தட்டில் சூடாக இருந்தன. எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு: நிலவறையில் எத்தனை பேர் நின்றாலும் ஒரே டம்ளர்தான், வீட்டுக்காரன் முதலில் தான் குடித்துவிட்டு, அதே டம்ளரை நிரப்பி, கண்ணைப் பார்த்து அடுத்தவருக்குக் கொடுப்பான். எலுவா குடித்து, நிரப்பி, மார்லீஸின் கண்ணைப் பார்த்து நீட்டினான். அவள் வாங்கி மேசையில் வைத்துவிட்டாள். “நான் குடிச்சா சக்கரத்தை யார்யா சுத்துவா?” என்றாள். எட்டு நிமிஷத்தில் அவன் இரண்டு கவளம் சாப்பிட்டான், அவள் அவன் நகத்தை வெட்டினாள், ஒரு கை முடிவதற்குள் மணி ஆகிவிட்டது. நாங்கள் வேலியோரத்திலிருந்து கலைந்துபோனோம். மறுநாள் யாரும் நிற்கவில்லை. அதன்பிறகு ஊரில் கடிகாரத்தைச் சரியாக வைக்க மட்டுமே அவனை அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்த எட்டு நிமிஷத்தில் சண்டை போடவும் முடியாது, சமாதானம் ஆகவும் முடியாது. ஒரு தடவை நவம்பரில், டம்ளரை ஏன் வாங்கி வாங்கி மேசையில் வைக்கிறாய் என்று எலுவா கேட்க, குடிக்காமல் நாற்பது நாள் இருக்கத் துப்பில்லாதவனுக்கு அதைக் கேட்க என்ன யோக்கியதை என்று அவள் ஆரம்பிக்க, நேரம் முடிந்துவிட்டது. பாதிப் பேச்சோடு அவன் மேலே போனான். மறுநாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் பத்துக்கு எட்டு என்ற விதி இருக்கிறதே. கோபமாக இருந்தாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். பதினோரு நாள் அவன் இறங்கினான், உட்கார்ந்தான், சுவரைப் பார்த்தான், ஏறினான். அவள் சக்கரத்தைச் சுற்றினாள். பன்னிரண்டாம் நாள் முதல் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி நகம் வெட்டினாள். அந்தச் சண்டை முடியவே இல்லை, அப்படியே காய்ந்துவிட்டது.

2009 பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று ஒன்பது நாள் விடாமல் அடித்தது. எலுவா ஏரிக்கு மேலே கிடைமட்டமாகப் பறந்தான், கயிறு விறைத்து நின்றது, சக்கரம் சுற்றவில்லை. ஒன்பது நாள் இறங்கவில்லை. காற்று நின்ற மறுநாளே லூதியின் கடிதம் வந்தது: பத்து நாளில் ஒரு நாள்தான் பயன்பட்டிருக்கிறது, உரிமையை ஏன் திரும்பப் பெறக் கூடாது என்று விளக்கம் தரவும். கடிதத்தின் கீழே, பேனாவால், தன் மனைவியும் நலம் விசாரித்ததாகச் சேர்த்திருந்தார். மார்லீஸ் பேரிக்காய் மரத்தைத் தேடிப் போகவில்லை. உரிமைப் பத்திரத்தை எடுத்தாள், பதினெட்டுப் பக்கம், சமையலறை மேசையில் விரித்துவைத்து, எத்தனையாவது தடவையோ படித்தாள். பதினேழாம் பக்கத்தில் நின்றாள். லூதிக்குப் போன் போட்டாள்.

“காத்து அடிச்சா விமானமே இறங்காது. என் வீட்டுக்காரன் எப்படி இறங்குவான்? இயற்கைச் சீற்றம்னு ஒன்பதாம் பக்கத்துல இருக்கு. படிங்க.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். “இருக்கு மேடம். சரி, அதை நான் முடிச்சிடறேன். உரிமை போகாது.”

“இன்னொண்ணு. எத்தனை பேரை ஏத்திக்கலாம்?”

“யாரு?”

“இந்த விமானம். பயணிங்க எத்தனை பேர்னு பதினேழாம் பக்கத்துல கட்டம் காலியா இருக்கே.”

மறுபடி தாள் புரண்டது. “காலியா இருந்தா கட்டுப்பாடு இல்லைன்னு அர்த்தம் மேடம்,” என்றார் லூதி. “ஆனா பயணி தனியா இறங்கக் கூடாது. விமானத்தோடதான் இறங்கணும்.”

“தனியா இறங்கறதுக்கா நான் போறேன்?”

சக்கரத்தைச் சுற்ற அவள் ஜக்கியேவைக் கேட்டாள். அவர் பதவியிலிருந்து இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது, சும்மாதான் இருந்தார். மார்ச் மூன்றாம் தேதி 11.40க்கு எலுவா இறங்கியபோது மார்லீஸ் கம்பளிக் கோட்டு, முழங்கால் வரை சாக்ஸ், கொடி கட்டும் வில்லோ நார் ஒரு கட்டு, ஒரு கூடையில் ரொட்டி என்று தயாராக நின்றாள்.  வழக்கம்போல டம்ளரை எடுக்கக் கை நீட்டினான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, தானே ஊற்றி, தான் முதலில் குடித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் யார் வீட்டுக்காரர் என்பதில் சந்தேகம் இல்லை. நிரப்பி, அவன் கண்ணைப் பார்த்து நீட்டினாள். இப்படி மாறி மாறி, எட்டு நிமிஷத்தில் ஆறு நிமிஷம் போவதற்குள், நான்கு வருஷத்துக்கு மேல் சொட்டுத் தொடாதவள் ஒரு பாட்டிலுக்கு மேல் முடித்தாள். நாரை எடுத்துத் தன் இடுப்பையும் அவன் இடுப்பையும் சேர்த்துக் கொடியைக் கட்டுவதுபோலவே எட்டு போட்டுக் கட்டினாள்.

“சுத்துங்க தலைவரே,” என்றாள்.

மேலேயிருந்து பார்த்தால் எல்லை தெரியாது என்று கவி எழுதுபவர்கள் சொல்வார்கள். நன்றாகத் தெரியும் என்று மார்லீஸ் பிறகு சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கம் சாலையோரப் புல்லை ஒழுங்காக வெட்டுவதில்லை. ஏரி தெரிந்தது, ஏரிக்குள் நாங்கள் போட்ட பெயர்க்கல்லும் பாசி பிடித்துத் தெரிந்தது. எலுவா வீட்டுத் திராட்சைக் கொடிவரிசைகள் அத்தனையும் தெரிந்தன. அவள் முதலில் பார்த்தது கீழ்மூலையைத்தான். ஐந்து குளிர்காலமாகத் தனியாளாக அவள் கொடி வெட்டிக் கவாத்து செய்த மூலை. வரிசை வரிசையாகத் தப்பு. மொட்டை விட்டுவிட்டுக் கிளையை வெட்டியிருந்தாள், கிளையை விட்டுவிட்டு மொட்டை வெட்டியிருந்தாள்.

“அய்யய்யோ. அது என்னய்யா, அப்படியா இருக்கு?”

“அப்படித்தான் இருக்கு.”

“எப்பலேருந்து?”

“மொத வருஷத்துலேருந்து.”

“அஞ்சு வருஷமா மேலேருந்து பாத்துக்கிட்டேவா இருக்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?”

“கத்திச் சொன்னா ஊர் சிரிக்கும்,” என்றான் எலுவா. “கீழ வந்தா எட்டு நிமிஷம். அதுல இதையா சொல்றது?”

 முகத்தை அவன் சட்டையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, கவாத்துச் சொல்லித்தரத் துப்பில்லாத நிலவறைக்காரன் என்று ஆரம்பித்தாள். அவன், கத்தரிக்கோலைச் சாணை பிடிக்காதவள் என்றான். அங்கிருந்து நவம்பர் மாத டம்ளருக்குப் போனார்கள், நாற்பது நாளுக்குப் போனார்கள், அக்டோபரில் அவள் எழுதிய அந்தக் கடிதத்துக்குப் போனார்கள், ஜூன் முதல் தேதிக்கும் முந்தின சாயங்காலம் இழைப்புளி போட்டபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்குப் போனார்கள். தரையிலிருந்து எங்களுக்கு அரைகுறையாகக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் வரை போட்டார்கள். விதிப்படி ராத்திரி பத்து மணிக்குச் சத்தத்தை நிறுத்திக்கொண்டு, காலை ஆறு மணிக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

11.40க்கு ஜக்கியே சக்கரத்தைச் சுற்றினார். லூதி கேட்டிருந்தபடி ஏட்டில் எழுதினார்: பயணி ஒருவர், பெயர் எழுதாத காலிப் பாட்டில் மூன்று. இருவரும் சூப் குடித்தார்கள், அவள் அவன் வலதுகை நகத்தையும் இடதுகை நகத்தையும் வெட்டி முடித்தாள். சண்டை இன்னும் முடிந்திருக்கவில்லை. எட்டு நிமிஷம் முடிந்ததும் அதையும் எடுத்துக்கொண்டு, கூடவே கத்தரிக்கோல் சாணைக்கல்லையும் எடுத்துக்கொண்டு, மேலே போனார்கள்.